சிற்றேரிகளின் ஈர்ப்பு: சென்னை மேற்குப் புறநகர் ஏரிகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

ஏரி என்றதும் சென்னைவாசிகளின் நினைவுக்கு வருபவை பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும்தாம். இவற்றின் நீர்மட்டம் நாள்தோறும் நாளிதழ்களில் வெளியாகிறது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் இந்தப் பெரிய நீர்த்தேக்கங்களுக்கு இடையே பல சிறிய ஏரிகள் உள்ளன. கொரட்டூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், சேக்காடு, கோலடி என்று அவற்றின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றின் நீர்மட்டத்தை எந்த நாளிதழும் வெளியிடுவதில்லை.

உலகின் வேறொரு பகுதியில் மனிதர்கள் இத்தகைய சிறிய ஏரிகளைத் தேடிப் பல நாள் பயணம் செய்கிறார்கள். தோணியைத் தோளில் சுமந்து காட்டைக் கடந்து, பெயர் தெரியாத ஒரு சிற்றேரியின் கரையில் இரவு தங்கித் திரும்புகிறார்கள். சிறிய நீர்நிலைக்கு இப்படி ஓர் ஈர்ப்பு இருப்பது ஏன்? நம் முன்னோர் சிற்றேரிகளை எப்படிக் கட்டினார்கள், எப்படிப் போற்றினார்கள்? நாம் அவற்றை எப்படி இழந்தோம்? இக்கேள்விகளுக்கு மேற்குப் புறநகரை முன்வைத்து விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோணி சுமக்கும் பயணிகள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆல்கோன்குவின் என்ற பெரிய வனப் பூங்கா உள்ளது. 1893-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இப்பூங்காவில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வட எல்லையிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட ஒரு காட்டுப் பகுதி பாதுகாக்கப்படுகிறது. பனியாறுகள் பாறையைக் குடைந்து விட்டுச் சென்ற பள்ளங்களே இந்த ஏரிகள்.

இங்கே பயணம் செய்யும் ஊர்தி 'கனூ' எனப்படும் குறுகிய, இலேசான தோணி. அந்நாட்டுப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையால் இதைச் செய்தனர். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை உள்ள நிலத்தைத் தோணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து கடக்க வேண்டும். பின்னாளில் மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த ஐரோப்பியர்களும் இதே வழியையே பின்பற்றினர். இன்று அதே தடங்களில் விடுமுறைப் பயணிகள் நடக்கிறார்கள். டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆல்கோன்குவின் காரில் சில மணி நேரத் தொலைவுதான்.

அனுபவமுள்ள பயணிகள் பெரிய ஏரியை விடச் சிறிய ஏரியையே விரும்புவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. முதலாவது, காற்று. அகன்ற ஏரியில் காற்று எழுந்தால் அலை உயரும். சிறு தோணி கவிழக்கூடும். சிற்றேரியில் கரை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். இரண்டாவது, தனிமை. தோணியைச் சுமந்து செல்லும் நடைவழி நீளமாகவும் கடினமாகவும் இருந்தால் அந்த ஏரிக்கு வருவோர் குறைவு. கடினமான பாதையே ஏரிக்குக் காவல். மூன்றாவது, அளவு. ஒரு சிற்றேரியை ஒரே நாளில் முழுவதும் சுற்றி வரலாம். எந்த மூலையில் ஆம்பல் பூக்கிறது, எந்தப் பாறையில் பறவை உட்காருகிறது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். ஒரு மனிதன் முழுமையாக அறிந்துகொள்ளக்கூடிய அளவில் இருப்பதே சிற்றேரியின் சிறப்பு.

இந்த மூன்றாவது காரணம் நமக்குப் புதியதன்று. நம் ஊர் ஏரிகள் ஓர் ஊரார் முழுமையாக அறிந்து, காத்து, பகிர்ந்துகொள்ளும் அளவில்தான் கட்டப்பட்டன.

பெயர்களில் வாழும் ஏரிகள்

கனடாவின் ஏரிகள் இயற்கை தந்தவை. தொண்டை மண்டலத்தின் ஏரிகள் மனிதர் கட்டியவை. இங்கே காவிரி போன்ற பெரிய ஆறு இல்லை. பாலாறு, கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் பெருகுபவை. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் நீரை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தவையே இந்த ஏரிகள்.

ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, குட்டை என நீர்நிலைகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தென் மாவட்டங்களில் கண்மாய் என்பதை வட மாவட்டத்தார் ஏரி என்பர். சிறிய ஏரியைத் 'தாங்கல்' என்பது வட மாவட்ட வழக்கு. ஓடி வரும் நீரைத் தாங்கி நிறுத்துவதால் தாங்கல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்களில் இச்சொல் நிலைத்துள்ளது. இரட்டை ஏரி என்பது மக்கள் வழக்கில் 'ரெட்டேரி' ஆயிற்று. சிற்றேரி 'சித்தேரி' ஆயிற்று.

பள்ளியில் வரலாறு கற்பிக்கும்போது நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு: ஊர்ப்பெயரும் ஒரு கல்வெட்டுதான்; கல்வெட்டை உடைத்தாலும் ஊர்ப்பெயரை எளிதில் அழிக்க முடியாது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது. பெயர்ப் பலகை மட்டும் தெரியும்.

ஏரித் தொடர் என்னும் அமைப்பு

ஏரியின் உறுப்புகள் பலருக்கும் இன்று தெரியாது என்பதால் சுருக்கமாகக் கூறுகிறேன். மேட்டு நிலத்திலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நீரைத் தடுத்து நிறுத்துவது பிறை வடிவக் கரை. வயலுக்கு நீர் விடுவது மதகு. நிறைந்தபின் மிகுதியை வெளியேற்றுவது கலங்கல். இதனைக் கலிங்கு என்றும் கூறுவர். அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு.

ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை. அது அடுத்த ஏரியின் வரத்து நீராகிறது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்தில் கலக்கும். இவ்வாறு மேட்டிலிருந்து தாழ்வுக்கு, ஏரிக்கு ஏரி கைகோத்து நிற்பதே 'ஏரித் தொடர்'.

இவ்வமைப்பில் சிற்றேரிகளின் பணி பெரியது. மேலே உள்ள சிறிய ஏரிகள் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். வண்டலைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும். சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்று தரும். மேலே உள்ள பத்துச் சிற்றேரிகள் அழிந்தால், அவை தாங்கிய வெள்ளம் அனைத்தும் கீழே உள்ள ஒரே ஏரியின் மீது ஒரே இரவில் வந்து விழும்.

பல்லவர் காலம் முதல் குடிமராமத்து வரை

தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டுவது அரசரின் கடமையாகக் கருதப்பட்டது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெயரால் மகேந்திரவாடியில் 'மகேந்திர தடாகம்' அமைந்தது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று புழற் கோட்டம். ஒரு கோட்டமே ஏரிக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயரால் வழங்கியது கவனிக்கத்தக்கது.

அரசர் வெட்டினாலும் காத்தவர்கள் ஊராரே. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக இவற்றைப் பாடநூல்களில் படிக்கிறோம். ஆனால் அந்தக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று 'ஏரி வாரியம்' என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் தன் ஏரியைக் காக்கத் தனிக்குழுவைத் தேர்ந்தெடுத்தது. குற்றம் புரிந்தவரும் கணக்குக் காட்டாதவரும் அக்குழுவில் இடம்பெற முடியாது என்று விதியும் வகுத்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் செங்கற்பட்டுப் பகுதியின் ஊர்களை அளவிட்டார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஊர்களைப் பற்றிய அந்தப் பதிவுகள், விளைச்சலின் ஒரு பங்கு ஏரி பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. கம்பெனி ஆட்சியில் வரி வசூல் மையப்படுத்தப்பட்டபோது ஊரின் கையிலிருந்த அந்தப் பங்கு குறைந்தது, ஏரிகள் தூர்ந்தன. ஊரார் தம் உழைப்பால் கரையைப் பழுதுபார்க்கும் வழக்கமே குடிமராமத்து. அதை 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க முயன்றனர். வருவாயை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் ஊர் எப்படிக் கொடுக்கும்? அந்தச் சட்டம் பெரிதாகப் பயன் தரவில்லை.

விடுதலைக்குப் பிறகு, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சென்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்த சிற்றேரிகளே.

சிற்றேரிக்கு ஊரார் தந்த மதிப்பு: வேடந்தாங்கல்

தொலைவில் உள்ள ஒரு சிற்றேரி மக்களை ஈர்ப்பதற்கு நம் மாநிலத்திலேயே சிறந்த சான்று வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே கொண்ட தாங்கல் அது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயோனல் பிளேசு என்பவரிடம் உரிமை ஆணை பெற்றனர். ஏரி, பறவை, வயல் மூன்றும் ஒன்றையொன்று காத்தன. வெடிச்சத்தம் பறவைகளை விரட்டும் என்பதால் அவ்வூரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது பலரும் அறிந்த செய்தி.

நீரில் செல்லும் கலங்களும் நமக்குப் புதியவை அல்ல. தோணி, ஓடம், பரிசல், வள்ளம், புணை, தெப்பம் என அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. கட்டுமரம் என்ற நம் சொல்லையே உலக மொழிகள் கடன் வாங்கின. 1867-இல் அடையாற்றங்கரையில் ஆங்கிலேயர் படகுக் குழாம் அமைத்தபோதுதான் துடுப்பு வலிப்பது பொழுதுபோக்கு ஆயிற்று. அதுவரை அது பிழைப்பு. புறநகர் ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் லாரி டியூபில் உட்கார்ந்து வலை விரிப்பதை என் இளமையில் கண்டிருக்கிறேன். அவர்களும் சிற்றேரியின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர்களே.

இரும்புப் பாதை, தொழிற்சாலை, குடியிருப்பு

1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. 1872-இல் புழல் ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கினர். பாசனத்துக்கான ஏரி நகரத்தின் தாகத்துக்கான ஏரியாக மாறியது. பெரிய ஏரிகளுக்கு நகரில் ஒரு பயன் கிடைத்ததால் அவை பிழைத்தன. சிற்றேரிகளுக்கு அப்படி ஒரு பயன் கிடைக்கவில்லை.

1955-இல் காங்கிரசு மாநாடு நடந்த ஆவடியில் 1960-களில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது. அதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் வயல்கள் மனைகளானபோது ஆயக்கட்டு மறைந்தது. ஆயக்கட்டு மறைந்தபின் மதகைத் திறக்க ஆளில்லை. ஏரிக்கென்று பேச விவசாயி இல்லை. 'பயனற்ற ஏரி' என்ற சொல் கோப்புகளில் நுழைந்தது. நகருக்குள் 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானதே இதற்கு முன்மாதிரி. புறநகரிலும் ஏரிப் பகுதிகளில் வீட்டுத் திட்டங்கள் வந்தன.

1980-களில் ஏழாம் வகுப்பு மாணவர்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். மதகு எது, கலங்கல் எது என்று காட்டினேன். ஒரு மாணவன், "சார், இந்த ஏரி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டான். "அரசாங்கத்துக்கு" என்று சொன்னேன். பாடநூலின்படி அது சரியான விடை. "அப்போ நமக்கு இல்லையா சார்?" என்று அவன் திரும்பக் கேட்டபோது, நேரமாகிவிட்டது என்று சொல்லி அனைவரையும் பள்ளிக்கு அழைத்து வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கலங்கலைத் தேடிப் போனேன். கரை சாலையாகிவிட்டது. கலங்கல் இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். அந்த மாணவனுக்கு அன்றே சரியான விடை சொல்லியிருக்க வேண்டும் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

வெள்ளமும் வறட்சியும் கற்பித்த பாடம்

2015 திசம்பர் 1 இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது. விவாதம் முழுவதும் அந்த ஒரு ஏரியைச் சுற்றியே நடந்தது. ஆனால் அடையாற்றில் ஓடியது அந்த ஏரியின் நீர் மட்டும் அன்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரியும் அதில் கலந்தது. கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களிலும் தண்ணீர் தேங்கியது. வரத்துக் கால்வாய் அடைபட்டதால் நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2019 கோடையில் நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன. சூலை 12 அன்று சோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயில் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களைக் கடந்துதான் வந்திருக்கும். ஏரிகளின் பெயர் தாங்கிய ஊர்கள் வழியாகத் தண்ணீர் ரயில் ஓடியது வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒரு சிறு கணக்கு. 50 ஏக்கர் பரப்புள்ள ஒரு சிற்றேரியில் மூன்றடி ஆழம் நீர் நிற்பதாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. எனவே அந்த ஏரியின் நீர் ஏறத்தாழ 65 இலட்சம் கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் அது ஏறத்தாழ 18.5 கோடி லிட்டர். 25 இலட்சம் லிட்டர் கொண்டுவரும் ரயில் 74 முறை வந்தால்தான் அந்த அளவு கிடைக்கும். வெயிலில் பாதி ஆவியாகிவிட்டது என்று கழித்தாலும் 37 ரயில்கள். இது ஒரேயொரு சிற்றேரியின் கணக்கு.

மீட்பு முயற்சிகள்

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாலையில் அங்கே சென்றால் முதியோர் நடப்பதையும், பிள்ளைகள் பறவைகளை எண்ணுவதையும் காணலாம். கரை உயர்ந்து, கழிவுநீர் தடுக்கப்பட்டால் மக்கள் தாமாகவே ஏரியைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நடைபாதையும் விளக்கும் படகும் மட்டும் ஏரி ஆகாது. வரத்துக் கால்வாயும் கலங்கலும் உயிரோடு இருந்தால்தான் அது ஏரி. இல்லையேல் அது நடுவில் தண்ணீர் உள்ள பூங்கா.

முடிவுரை

ஆல்கோன்குவின் பயணி தோணியைச் சுமந்து நடப்பது தொலைவு என்னும் தடையைக் கடக்க. அந்தத் தொலைவே அவனுடைய ஏரியைக் காத்தது. நம் சிற்றேரிகளுக்குத் தொலைவு காவலாக இருக்கவில்லை. ஊர்தான் காவலாக இருந்தது. ஊர் விலகியதும் ஏரி வீட்டுக்கு அருகிலேயே இருந்துகொண்டு நம் அறிவுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. தன் தெருவின் மழைநீர் எந்த ஏரிக்குச் செல்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே.

இதைச் சரிசெய்ய நீண்ட பயணம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரியின் கரையைச் சுற்றி நடந்து வாருங்கள். வரத்துக் கால்வாய் எங்கே நுழைகிறது, மதகு எத்தனை, கலங்கல் எங்கே, உபரி நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டறிந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஊரில் உள்ள முதியவரிடம் அந்த ஏரியின் பழைய பெயரைக் கேளுங்கள். இவை இரண்டும் எழுத்தில் இருந்தால் நாளை அந்த ஏரிக்காக வாதாட ஒரு சான்று இருக்கும். "இந்த ஏரி யாருக்குச் சொந்தம்?" என்று பிள்ளை கேட்டால், நான் சொல்லத் தவறிய விடையை நீங்கள் சொல்லுங்கள்: கரையைச் சுற்றி நடந்து, அதன் கலங்கலை அறிந்தவர்களுக்கெல்லாம் அது சொந்தம்.